பிளெயின் ரகம், முதல் தரம்

கமலவல்லி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பொருளை வாங்கிவிடலாம். அது பழசாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம். கூட்ட அறையில் சுழலாத மின்விசிறி ஒன்று உண்டு. அதற்குக் கீழே யாரும் உட்காருவதில்லை. ஆனால் ஆயுதபூஜை வந்தால் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட சங்கத்தில், எதை வாங்குவதானாலும் எதைக் கழிப்பதானாலும் முதல் குறிப்பு எழுதும் வேலை காசிநாதனுடையது. எழுத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. மற்றவர்கள் ‘மேற்படி நாற்காலி உடைந்துவிட்டது’ என்று எழுதும் இடத்தில் அவர் ‘பலரையும் தாங்கிய இந்நாற்காலி இனி தன்னையே தாங்கும் நிலையில் இல்லை’ என்று எழுதுவார். அவர் மனைவி வடிவு உயிரோடு இருந்தபோது, அவர் வாசித்துக் காட்டும் குறிப்புகளைத் தறியை நிறுத்தாமலே கேட்பாள். “கேட்டா எனக்கே அழுவ வருது. நாற்காலி வந்துதா?” என்பாள். நாற்காலி வந்திருக்காது.

வடிவு போன வருடம் தை மாதம் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளுடைய தம்பி தேவேந்திரன்தான் சங்கத்தின் கார் ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கறி வாங்கிக்கொண்டு வந்து, தானே சமைத்து, மாமாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அதே மூக்கு. வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரிக்கும் அதே சிரிப்பு. கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்ட ஒரு முகம் ஊரில் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது அவனிடம் மட்டும்தான். காசிநாதன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழகாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

ஆவணியில் ஒரு மழை நாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெய்த புடவைகளை ஏற்றிக்கொண்டு வந்த தேவேந்திரன், கார் கொட்டகைக்கு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

“ஓரிக்கை பாலத்தாண்ட ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சு மாமா. பிரேக்க மிதிச்சேன். வண்டி நிக்கல. அதும்பாட்டுக்கு தட்டாமாலை சுத்திச்சு. சுத்தி முடிச்சு நின்னப்போ வந்த வழிய பாத்துக்கினு நிக்குது.”

“நீ எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்த?”

“நான் எங்க பாத்தேன். கண்ண மூடிக்கினேன்.”

காசிநாதன் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். அம்மிக்கல்லிலாவது கொத்து இருக்கும். இது வழித்துவிட்டதுபோல் இருந்தது.

“இதுல கோடு கோடா பள்ளம் இருக்கணும். மழத் தண்ணி அதுக்குள்ள பூந்து ஒதுங்கினாதான் டயர் ரோட்ட புடிக்கும். இல்லாங்காட்டி வண்டி தண்ணி மேல மெதக்கும்” என்றான் தேவேந்திரன். “ஓரத்துல பாருங்க, உள்ள இருக்கற கம்பியே எட்டிப் பாக்குது. எப்போ வெடிக்கும்னு தெரியாது.”

“நாளைக்கே எழுதிடறேன்” என்றார் காசிநாதன்.

எழுதினார். அடித்தும் திருத்தியும் கிழித்தும் எழுதினார். ‘மழை நாளில் இவ்வாகனம் சாலையில் செல்வதில்லை, சாலை இதை எங்கே அனுப்புகிறதோ அங்கே செல்கிறது’ என்ற வரி விழுந்தபோது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்த்தார்.

நிர்வாகக் குழு கூடியது. தலைவர் ராமராஜன் பாலாற்றங்கரை விவசாயக் குடும்பம், உள்ளூர் அரசியலில் பெரிய கை. பட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு, மேடைகளில் அது அவர் தோளில் விழுவதோடு சரி. குறிப்பை அவரே வாங்கி உரக்கப் படித்தார். சாலை வரி வந்ததும் நிறுத்தி இன்னொரு முறை படித்தார்.

“என்னா எழுத்து. நான் எத்தினியோ மனு பாத்திருக்கேன், படிச்சு கண்ணு கலங்கினது இதான்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா ஒண்ணு யோசிக்கணும். நாலு டயர் வெலைக்கு ஒரு நல்ல புடவ வரும். புடவைய அம்மா கட்டி, பொண்ணு கட்டி, பேத்தி கட்றா. டயர யாராவது பொண்ணுக்கு சீதனமா குடுத்து பாத்திருக்கீங்களா? அப்போ நெசவாளி காச எதுல போடறது? நான் கேக்கறேன், யாராவது பதில் சொல்லுங்க.”

பதில் சொல்ல வேண்டியவர் தலைவர் என்பதால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“கேள்வி கேட்டாச்சு, அத பதிவு பண்ணிக்குங்க. அடுத்ததா, இவ்ளோ நல்லா எழுதற ஊழியருக்கு நாம என்ன செஞ்சோம்?” என்றார் தலைவர்.

காசிநாதனைப் பாராட்டித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். தீர்மானத்தின் வாசகத்தில் இருந்த ஒற்றுப்பிழையைக் காசிநாதனே திருத்திக் கொடுத்தார். மனசு நிறைந்துபோய், வழியில் பாதுஷா வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

தேவேந்திரன் பாதுஷாவை வாங்கிக்கொண்டான். “டயர் என்னாச்சு மாமா?” என்றான்.

காசிநாதன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து மடித்தார். தலைவர் கேட்ட கேள்வி பதிவாகியிருந்தது. டயர் எங்கே என்று அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

இரண்டாவது குறிப்பை வேண்டுமென்றே அழகில்லாமல் எழுதினார். அதனால் அதை யாரும் படிக்கவில்லை. விதிமுறை பார்ப்பவர் மட்டும் படித்தார். அவர் சங்கத்தின் செயலாளர் கலாவதி. எந்தக் காகிதத்தையும் முதலில் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

“பழச கழிச்சாதான் புதுசு வாங்க முடியும் சார். கழிக்கணும்னா தர நிர்ணயக் குழு பாத்து தரம் போடணும். துணை விதியில தெளிவா இருக்குது.”

“மேடம், அது புடவை பாக்கற குழு.”

“விதியில ‘பொருள்’னுதான் போட்டிருக்காங்க. ‘புடவை’னு போடல. எழுதினவங்க யோசிக்காமலா எழுதியிருப்பாங்க?”

எழுதினவர்கள் காலத்தில் சங்கத்தில் ஒரு மாட்டுவண்டிதான் இருந்தது. அதைச் சொல்லக் காசிநாதன் வாயெடுத்தார். ஆனால் ‘பொருள்’ என்ற சொல்லின் விரிவு அவருக்குப் பிடித்திருந்தது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

தரம் பார்க்கும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, காரிலிருந்து கழற்றிய முதல் டயரை அதன்மேல் வைத்தார்கள். குழுவின் மூத்தவர் கண்ணாயிரம் நெய்தவர், பிறகு மற்றவர்கள் நெய்ததைப் பார்த்தே நரைத்தவர். மேசைமேல் எது வந்தாலும் அது புடவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. தராசில் போட்டு எடை குறித்தார். டேப்பைச் சுற்றிவைத்து நீளம் குறித்தார்.

“முந்தி எங்கப்பா?”

“இது சுத்தி வருதுங்க. முந்தி இல்ல” என்றான் தேவேந்திரன்.

“முந்தி இல்ல, எழுதிக்கோ. கரை ரெண்டு பக்கமும் ஒரே அளவு. சுத்தமான வேல.” ஈரத் துணியால் டயரை அழுத்தித் தேய்த்தார். துணி கறுத்தது. “சாயம் நிக்கல. குறை.” பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து நடுப்பகுதி முழுவதும் நகர்த்திப் பார்த்தார். “உடல்ல பூவோ கட்டமோ ஒண்ணும் காணமே.”

“இருந்துச்சுங்க. தேஞ்சிப்போச்சு. அதுக்குத்தான் கொண்டாந்திருக்கோம்.”

“இருந்துச்சுன்னு எழுத எங்கிட்ட எடம் இல்லப்பா. இருக்குதா, இல்லியா?”

“இல்ல.”

“அப்போ பிளெயின்.” கண்ணாயிரம் நிமிர்ந்தார். “பிளெயின்னா குறைன்னு நெனைக்காத. இப்போ சின்னப் பொண்ணுங்க எல்லாம் அதத்தான் கேக்கறாங்க. இழை ஒண்ணு அறுந்திருக்குதா பாரு, ஒரே சீரா இருக்குது. பிளெயின் ரகம், முதல் தரம்.”

“ஐயா, மழையில வழுக்குதுங்க.”

“பட்டுன்னா வழுக்கத்தான் செய்யும்.”

ஓரத்தில் மின்னிய கம்பி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. குரல் மாறியது. “இது என்னா ஜரிகை? ஜரிகை போட்டதா எங்கேயும் சொல்லவே இல்லியே.”

“அது இரும்புக் கம்பிங்க.”

“இரும்பா, செம்பா, வெள்ளியான்னு நான் சொல்லக்கூடாது, நீயும் சொல்லக்கூடாது. சோதனைக் கூடம் சொல்லணும்.” குறட்டால் ஒரு துண்டு நறுக்கி உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்த காசிநாதன், ‘பிளெயின்’ என்பதற்குப் பதில் ‘அணியற்ற’ என்று போட்டால் நன்றாக இருக்குமே என்றார். சொன்ன பிறகுதான் தான் யார் பக்கம் வந்தோம் என்பது உறைத்தது. தேவேந்திரன் அவரைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற மூன்று டயர்களும் அதே தரம் பெற்றன. முதல் தரப் பொருளைக் கழிக்க விதி இல்லாததால், நான்கிலும் எண் போட்ட அட்டை கட்டி மறுபடி காரில் மாட்டினார்கள். சில வாரத்தில் சோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது. ஜரிகையில் வெள்ளி அறவே இல்லை, சம்பந்தப்பட்ட நெசவாளரின் கூலியில் பிடித்தம் செய்யலாம், பெயர் தெரிவிக்கவும். ‘நெசவாளர் நம் ஊர்க்காரர் அல்லர்’ என்று காசிநாதன் பதில் போட்டார். ‘அல்லர்’ சரிதானா என்று அகராதியையும் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் பட்டுக் கண்காட்சி. தீபாவளிக்கு முன் நடக்கும் பெரிய வியாபாரம் அது. விடியற்காலையில் புடவை மூட்டைகளோடு கார் கிளம்ப வேண்டும். தேவேந்திரன் செயலாளர் அறைக்குப் போய், இந்த டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

“நாலு டயருக்கும் முதல் தரம்னு கையெழுத்து இருக்குது. நீங்க ஓட்டமாட்டேன்றீங்க. அப்போ குறை டயர்ல இல்ல, உங்க கிட்ட இருக்குது” என்றார் கலாவதி.

“அப்போ நீங்களும் கூட வாங்க மேடம்.”

“எனக்கு கார் ஒத்துக்காது. நான் ரயில்ல போறேன்.”

“தலைவர்?”

“அவர் சொந்த வண்டியில வர்றார். அதுக்கு போன மாசம்தான் புது டயர் மாத்தினார். பாதுகாப்பு விஷயத்துல அவர் ரொம்ப கண்டிப்பு.”

தேவேந்திரன் வெளியே போனதும் கலாவதி காசிநாதனைக் கூப்பிட்டார். பணி செய்ய மறுத்த ஓட்டுநரை நீக்கும் உத்தரவைத் தயாரிக்கச் சொன்னார். “வேற யாரும் எழுதினா முரட்டுத்தனமா இருக்கும் சார். உங்க நடையில எழுதினா அவருக்கும் மனசு நோவாது.”

காசிநாதன் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். தேவேந்திரன் அங்கேதான் இருந்தான். நீக்க உத்தரவை யார் எழுதுவார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“எழுதிட்டீங்களா மாமா?”

“இன்னும் இல்ல. தேவா, இந்த ஒரு தடவ மெதுவா ஓட்டிக்கினு போயிட்டு வந்துடேன். அப்புறம் நான் பேசறேன்.”

“அக்கா இருந்தா, அவ எதிர்ல இத சொல்வீங்களா?”

காசிநாதன் டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

“போனா வண்டியோட போவேன். இல்லாட்டி என் வேலை போவும். எதுன்னு நீங்களே எழுதிடுங்க. நல்லா எழுதுவீங்க” என்றான் தேவேந்திரன். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டு சொன்னான்.

இருக்கைக்குத் திரும்பிக் காகிதத்தை எடுத்தார். ‘திரு. தேவேந்திரன்’ என்று எழுதினார். அதற்குமேல் ஓடவில்லை. நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் சாலைக்கும் வந்த சொல் ஒன்றுகூட வரவில்லை. அவர் வாழ்க்கையில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அப்போது விற்பனைப் பிரிவுப் பெண் அபி வந்து நின்றாள்.

“சார், தீபாவளி தள்ளுபடிக்கு ஸ்டாக் எடுக்கறோம். பிளெயின் ரகத்துல நாலு பீஸ் சிஸ்டம்ல காட்டுது, ஷோரூம்ல இல்ல. எங்க இருக்குது?”

“கொட்டகையில. கார்ல மாட்டியிருக்குது.”

அபி ஒரு கணம் யோசித்தாள். ஆனால் அவளும் இந்தச் சங்கத்தில்தான் வேலை பார்க்கிறாள். “எங்க இருந்தாலும் சரி சார், தர எண் போட்டுட்டா விற்பனைக்கு வெச்சாகணும். இல்லாட்டி ஸ்டாக் டேலி ஆவாது.”

“யார் வாங்குவாங்க?”

“ஊழியர்ங்க வாங்கிக்கலாம் சார். தவணை உண்டு, சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க.”

காசிநாதன் பேனாவை மூடினார். அந்தப் பேனாவால் சங்கத்துக்கு அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அதை மூடியதுதான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார். “நாலையும் எனக்கே பில் போடும்மா” என்றார்.

விலையைக் கணினி போட்டது. பட்டு எடைக்கு எடை. அதற்குமேல், சோதனையில் தோற்றாலும் ஜரிகை ஜரிகைதான் என்று அதற்குத் தனியாக. தள்ளுபடி கழித்த பிறகும் தேய்ந்த நான்கு டயர்களின் விலை, கடையில் நான்கு புது டயர்களின் விலையைத் தாண்டி நின்றது. பேரம் பேசத் தெரியாதவர் என்று வடிவு அவரைக் காய்கறிக் கடைக்கே அனுப்பமாட்டாள். இன்றைக்கு அவள் இல்லாமல் இருந்தது ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்தார். நினைத்த உடனே அந்த நினைப்பின்மேல் வெறுப்பு வந்தது.

“மடிச்சுத் தரட்டுமா சார்?” என்றாள் அபி.

“வேணாம்மா.”

“பீஸுக்கு ஒரு பிளவுஸ் பிட் இலவசம்.” நான்கு பிளவுஸ் துண்டுகளை அவர் கையில் கொடுத்தாள். பழக்க தோஷத்தில், “வீட்ல அம்மாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மாம்பழக் கலர்” என்றார் காசிநாதன். “பரவால்ல. குடு.”

பஞ்சர் கடைக்காரரை வரவழைத்து அன்று மாலையே டயர்களைக் கழற்றினார்கள். கார் செங்கல் அடுக்குகள் மேல் உட்கார்ந்துகொண்டது. செயலாளர் கலாவதி கொட்டகைக்கு வந்து நேரில் பார்த்தார். பில்லைப் பார்த்தார். அதன் ஓரத்தைத் தடவினார். தவறு ஒன்றும் இல்லை.

“உத்தரவு எழுதிட்டீங்களா சார்?”

“பேர் மட்டும் எழுதியிருக்கேன் மேடம்.”

“அதோட விட்டுடுங்க. டயர் இல்லாத வண்டிய ஓட்ட மறுத்தார்னு போட்டா தணிக்கையில நம்மள கேப்பாங்க. வண்டி நிக்குது, டிரைவர் பக்கத்துல நிக்கறார். அப்போ அவர் பணியிலதான் இருக்கார்.”

புடவை மூட்டைகள் வாடகை வேனில் சென்னைக்குப் போயின. அந்த வேனின் டயர்களைத் தேவேந்திரன் தடவிப் பார்த்த பிறகே ஏற்றவிட்டான். தள்ளுபடி விற்பனைத் தொடக்க விழாவில் தலைவர் ராமராஜன் பேசினார். “பிளெயின் ரகம் போவாதுன்னு சொன்னாங்க. கடை திறக்கறதுக்கு முன்னாலயே நாலு பீஸ் போயிருக்குது. அந்தப் புடவைய கட்டப் போற மகராசிங்க நல்லா இருக்கணும்.” எல்லோரும் கை தட்டினார்கள். காசிநாதனும் தட்டினார், கூட்டத்தில் ஒருவர் தட்டாமல் இருந்தால் தெரியும் என்பதால்.

காருக்குப் புது டயர் வாங்கும் விஷயம் சிக்கலாகிவிட்டது. பழையது இல்லாததால் இது மாற்றுவதாகாது, புதிதாக வாங்குவதாகும். காருக்கு டயர் அவசியமா என்று ஆராய ஒரு துணைக்குழு போடப்பட்டது. தேவேந்திரன் தினமும் கையெழுத்துப் போட்டு, காரைத் துடைத்து, செங்கல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான்.

டயர்கள் ஆட்டோவில் பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்து இறங்கின. எதிர்வீட்டு எல்லம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“என்னா சார், கார் வாங்கிட்டீங்களா?”

“இப்போதைக்கு டயர் மட்டும்தான்மா.”

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய டயர் வாங்கும் வியாபாரி ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். விலை நன்றாகவே சொன்னார். ஒன்றிரண்டு தவணையாவது அடையும்.

“இத வெச்சு என்ன செய்வீங்க?” என்று கேட்டார் காசிநாதன்.

“சூடு கத்தியில கோடு கிழிச்சு, கறுப்பு பூசிடுவோம் சார். புதுசு மாதிரி ஆயிடும். டாக்சி ஓட்டற பசங்க கம்மி வெலைன்னு வாங்கிக்குவாங்க.”

காசிநாதனுக்கு நல்ல வாக்கியம் ஒன்று தொண்டைவரை வந்தது. அந்த டாக்சியில் ஏறப்போகும் ஒரு தாயையும் பிள்ளையையும் பற்றிய வாக்கியம், கடைசியில் ஒரு கேள்வியோடு முடியும். அதை விழுங்கிவிட்டு, “இல்ல, குடுக்கறதா இல்ல” என்றார்.

வியாபாரி போன பிறகு தேவேந்திரன் கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தான். கையில் கத்தியும் ஒரு சொம்புத் தண்ணீரும். பக்கவாட்டில் கிழித்துவிட்டால் பிறகு எவனாலும் அதை ஓட்ட முடியாது. ரப்பர் கத்தியைப் பிடிக்கும், தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் அறுக்க வேண்டும். முதல் டயரை நிறுத்திவைத்து, மாமாவைப் பிடிக்கச் சொன்னான்.

காசிநாதன் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கை காற்றில் ஏதோ எழுதியது.

“தேவா, துணைக்குழுவுக்கு ஒரு குறிப்பு போடணும். இப்படி ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். ‘நடக்க மறந்த ஒரு வாகனம், செங்கல்லின் மேல் அமர்ந்து...’”

“மாமா.”

“நல்லா இல்லியா?”

“நல்லாதான் இருக்குது. டயர் நழுவுது. ரெண்டு கையாலயும் புடிங்க.”

காசிநாதன் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். தேவேந்திரன் தண்ணீரைத் தெளித்து, கத்தியை இறக்கினான்.